தங்கிப் படிக்கச் சொன்ன சட்டம், வேலை பார்த்துக்கொண்டே படித்த ஊர்

மே மாதம் வந்துவிட்டால் ஆர்.கே.புரம், ஜனக்புரி, மயூர் விஹார் என்று தில்லியில் தமிழர்கள் இருக்கும் இடமெல்லாம் ஒரே பேச்சுதான்: பிள்ளைக்கு டியூ, அதாவது தில்லிப் பல்கலைக்கழகம், கிடைக்குமா? அந்தக் கேள்விக்குள் இருப்பது நாலைந்து பெரிய கல்லூரிகளின் பெயர்கள். அவற்றில் இடம் இல்லையென்றால் தில்லிப் பல்கலைக்கழகமே இல்லை என்று முடிவு செய்து, லட்சக்கணக்கில் பணம் கட்டித் தனியார் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிடுகிறார்கள். இப்படி நடப்பதைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை. இந்தப் பல்கலைக்கழகத்துக்கு நான்கு வாசல்கள்: பகல் கல்லூரி, மாலைக் கல்லூரி, பெண்களுக்கான வார இறுதி வகுப்பு, தபால்வழிக் கல்வி. நான்கும் ஒரே பட்டத்துக்குத்தான் போகின்றன. நான்கு வாசல் ஏன் வந்தது என்று தெரிந்தால், எந்த வாசல் யாருக்கு என்பதும் புரியும். அதனால் கொஞ்சம் பழைய கதை.

1911 டிசம்பரில் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறுவதாக அறிவித்தார்கள். அப்போது இங்கே பல்கலைக்கழகம் கிடையாது. செயின்ட் ஸ்டீபன்ஸ் (1881), இந்துக் கல்லூரி (1899), பிறகு ராம்ஜஸ் (1917) எல்லாமே லாகூரில் இருந்த பஞ்சாப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தவை. 1922-ல் மத்திய சட்டசபை தில்லிப் பல்கலைக்கழகச் சட்டத்தை நிறைவேற்றியது. அந்த ஆண்டு மே 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. மூன்று கல்லூரிகள், கலை, அறிவியல் என்று இரண்டு புலங்கள், ஏறத்தாழ 750 மாணவர்கள். முதல் துணைவேந்தர் ஹரி சிங் கௌர்.

சட்டத்தில் இருக்கும் மூன்று சொற்களைக் கவனிக்க வேண்டும்: ஒருமைப்பட்ட, கற்பிக்கும், உறைவிடப் பல்கலைக்கழகம். 1857-ல் தொடங்கிய கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் முதலில் தேர்வு நடத்திப் பட்டம் கொடுக்கும் அமைப்புகளாகத்தான் இருந்தன. பாடம் நடந்தது எங்கெங்கோ சிதறிக்கிடந்த கல்லூரிகளில். இந்த முறையால் படிப்பு வெறும் பரீட்சையாகச் சுருங்கிவிட்டது என்ற குறை பெரிதாக எழுந்தது. சாட்லர் தலைமையில் 1917-ல் அமைந்த கல்கத்தாப் பல்கலைக்கழக ஆணையம், ஒரே இடத்தில் ஆசிரியரும் மாணவரும் தங்கிப் படிக்கிற பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்று சொன்னது. லக்னோ, டாக்கா, தில்லி எல்லாம் அந்தக் காற்றில் பிறந்தவை. நம் பக்கத்தில் 1929-ல் சிதம்பரத்தில் எழுந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் அதே அச்சில் வார்த்ததுதான்.

ஆக, தில்லிக்குப் போட்ட திட்டம் விடுதியில் தங்கி, காலையில் விரிவுரை கேட்டு, மாலையில் விளையாடி, இரவில் நூலகத்தில் உட்காரும் மாணவனுக்கானது. வந்து சேர்ந்த ஊரோ வேறு மாதிரி. தலைநகரத்தோடு வந்தவர்கள் குமாஸ்தாக்கள், ஸ்டெனோக்கள், கணக்கர்கள். அவர்களில் தமிழர்கள் நிறையப் பேர். பல்கலைக்கழகம் தொடங்கிய மறு ஆண்டே, 1923-ல், மதராசிக் கல்விச் சங்கம் என்ற பெயரில் இங்கே நம்மவர்கள் பள்ளி தொடங்கினார்கள். அதுதான் இன்று ஏழு பள்ளிகள் நடத்தும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகம், நாம் டிடிஇஏ என்று சொல்வது. பத்தாவது முடித்ததும் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு இருபது வயதில் செக்ரடேரியட்டில் சேர்ந்துவிட்ட ஆளுக்கு விடுதியும் தெரியாது, பகல் வகுப்பும் வாய்க்காது.

பல்கலைக்கழகத்துக்கு முதல் பத்தாண்டுகள் சொந்த இடம்கூட இல்லை. 1933-ல்தான் ரிட்ஜ் ஓரத்திலிருந்த பழைய வைஸ்ரீகல் லாட்ஜ் கிடைத்தது. புதுதில்லி கட்டி முடிக்கும்வரை வைஸ்ராய் குடியிருந்த மாளிகை அது. இன்றும் துணைவேந்தர் அலுவலகம் அங்கேதான். வடக்கு வளாகம் அதைச் சுற்றி வளர்ந்தது.

அதற்கு உயிர் கொடுத்தவர் மாரிஸ் குவையர். பெடரல் கோர்ட்டின் தலைமை நீதிபதியாக இருந்தவர்; 1938 முதல் 1950 வரை துணைவேந்தர். பட்டப்படிப்பை மூன்று ஆண்டாக மாற்றியதும், 1948-ல் மிராண்டா ஹவுஸைத் தொடங்கியதும் அவர் காலத்தில். ஆட்களைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்ததுதான் அவருடைய பெரிய வேலை என்று சொல்வேன். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1947-ல் இங்கே வந்து நூலக அறிவியலைப் பல்கலைக்கழகப் பாடமாக வேரூன்ற வைத்தார். குளித்தலைக்காரரான டி.ஆர்.சேஷாத்ரி 1949-ல் வேதியியல் துறைக்கு வந்தார். காஞ்சிபுரத்தில் பிறந்த வி.கே.ஆர்.வி.ராவ் அதே 1949-ல் தில்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸைத் தொடங்கினார். நம் ஊர்ப் பெயர்கள் இந்த வளாகத்தின் அஸ்திவாரத்திலேயே இருப்பது இங்கே வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

குவையர் காலத்திலேயே, 1944-ல், சத்தமில்லாமல் ஒரு வாசல் திறந்தது. கல்லூரிக்கு அன்றாடம் வர முடியாத பெண்களுக்கான வாரியம்: நான்-காலேஜியேட் உமன்ஸ் எஜுகேஷன் போர்டு, சுருக்கமாக என்சிவெப். அன்றைக்குப் பெண்ணைத் தினமும் கல்லூரிக்கு அனுப்பும் வீடுகள் குறைவு. கல்யாணமாகி வந்தவர்கள், பள்ளி ஆசிரியைகள், வீட்டைவிட்டு நகர முடியாதவர்கள் என்று பலர். அவர்கள் பெயரைப் பதிந்து, பாடம் நடத்தி, மற்றவர்கள் எழுதும் தேர்வையே எழுத வைப்பதுதான் ஏற்பாடு.

பிறகு 1947, நாட்டுப் பிரிவினை. தில்லியின் மக்கள்தொகை 1941-ல் 9 லட்சத்துச் சொச்சம்; 1951-ல் 17 லட்சத்தைத் தாண்டிவிட்டது. லாகூரில் படிப்பைப் பாதியில் விட்டு வந்த இளைஞர்கள் பகலில் எந்த வேலை கிடைத்தாலும் செய்தார்கள். அவர்களுக்காகப் பஞ்சாப் பல்கலைக்கழகம் மந்திர் மார்க்கில் ஒரு பள்ளிக் கட்டடத்தில் மாலை நேரக் கல்லூரி நடத்தியது. பெயரே கேம்ப் காலேஜ். பள்ளி விட்ட பிறகு அதே பெஞ்சுகளில் அகதி மாணவர்கள் உட்கார்ந்து பி.ஏ. படித்தார்கள். தில்லியில் மாலைக் கல்லூரி என்ற எண்ணத்துக்கு வேர் அங்கே இருக்கிறது.

1952-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒருமைப்பட்ட உறைவிடப் பல்கலைக்கழகம் என்பது போய், கற்பிக்கும், இணைவிக்கும் பல்கலைக்கழகம் என்று ஆனது. நகரம் முழுக்கக் கல்லூரிகள் முளைக்க வழி பிறந்தது இந்தத் திருத்தத்தால்தான். கேம்ப் காலேஜ் 1958-ல் மூடப்பட்டது. அதே ஆண்டு, ராவ் துணைவேந்தராக இருந்தபோது, தில்லிப் பல்கலைக்கழகமே மாலைக் கல்லூரிகளைத் தொடங்கியது. 1962-ல் தபால்வழிக் கல்வி வந்தது. டி.எஸ்.கோத்தாரி தலைமையிலான குழு பரிந்துரைத்தது. நாட்டிலேயே இதை முதலில் எடுத்துச் செய்த பல்கலைக்கழகம் இதுதான். முதல் ஆண்டில் 900 மாணவர்கள். இன்றைய ஸ்கூல் ஆஃப் ஓப்பன் லேர்னிங், எஸ்ஓஎல், அதன் வழிவந்தது. 1973-ல் தெற்கு வளாகம் தொடங்கியது, யமுனை தாண்டியும் கல்லூரிகள் வந்தன. திருமலை திருப்பதி தேவஸ்தானம் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா கல்லூரி (1961) தெற்கு வளாகத்துப் பக்கத்திலேயே இருப்பதால் ஆர்.கே.புரம் தமிழர்களுக்கு அது கிட்டத்தட்டச் சொந்தக் கல்லூரி.

இந்த வரிசையைத் திரும்பப் பாருங்கள். கல்லூரிக்கு வர முடியாத பெண்ணுக்கு 1944, பகலில் வேலை பார்ப்பவனுக்கு 1958, மாலையிலும் வர முடியாதவனுக்கு 1962. தங்கிப் படி என்று சட்டம் சொன்னது. இந்த ஊர்க்காரர்களால் தங்க முடியவில்லை. பல்கலைக்கழகம் தன்னை மாற்றிக்கொண்டது. நகரத்தில் இருக்கும் அரசுப் பல்கலைக்கழகத்துக்கு வேறு என்ன லட்சியம் இருக்க முடியும்? தரவரிசைப் பட்டியல்கள் இதை எண்ணுவதில்லை. எண்ண வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதில் ஒரு வாசல் சுருங்கிவருகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1958-ல் தொடங்கிய தேஷ்பந்து மாலைக் கல்லூரி 2010-ல் ராமானுஜன் கல்லூரி ஆனது. நம் ராமானுஜன் பெயர் என்பதில் மகிழ்ச்சிதான், ஆனால் அது இன்று பகல் கல்லூரி. ராம் லால் ஆனந்த் மாலைக் கல்லூரி 2014-ல் ஆர்யபட்டா கல்லூரியாக மாறியது. தயாள் சிங் மாலைக் கல்லூரி 2017-ல் பகலுக்கு மாறியது. ஜாகிர் ஹுசைன், பிஜிடிஏவி, சத்யவதி, ஷ்யாம் லால், மோதிலால் நேரு, ஸ்ரீ அரவிந்தோ ஆகியவற்றில் மாலைப் பிரிவு தனிக் கல்லூரியாக நடந்துவருகிறது. மாலை என்று பெயர் இருந்தாலும் வகுப்புகள் பிற்பகலிலேயே தொடங்கிவிடுகின்றன. ஆறு மணிவரை அலுவலகத்தில் இருப்பவருக்கு அது சரிப்படாது. பகல் கல்லூரியில் இடம் கிடைக்காத பிள்ளைகள்தான் இப்போது அங்கே பெரும்பாலும் படிக்கிறார்கள். அவர்களுக்கு அது தேவைதான். ஆனால் வேலை பார்ப்பவருக்கென்று திறந்த வாசல் அவருக்கே இல்லாமல் போனதை நியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இனி நடைமுறை.

முதல் இரண்டு வாசல்கள், முறையான கல்லூரிகள். பகல் கல்லூரிக்கும் மாலைக் கல்லூரிக்கும் ஒரே சேர்க்கைதான். 2021 வரை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துக் கட்-ஆஃப் போட்டார்கள். அந்தக் கடைசி ஆண்டில் சில கல்லூரிகளில் சில பாடங்களுக்கு முதல் பட்டியலே 100 சதவீதத்தில் நின்றது. 2022 முதல் சியூஇடி என்ற நாடு தழுவிய நுழைவுத் தேர்வு. 2025-ல் இருந்த முறைப்படி ஒவ்வொரு தாளும் 60 நிமிடம், 50 கேள்வி, எல்லாம் கட்டாயம். சரியான விடைக்கு 5, தவறுக்கு 1 கழிவு. அதிகபட்சம் ஐந்து தாள். பெரும்பாலான பி.ஏ. ஆனர்ஸுக்கு (ஒரு பாடத்தை ஆழமாகப் படிக்கும் பட்டம்) ஒரு மொழித்தாளும் மூன்று பாடத்தாள்களும் சேர்த்து 1000-க்கு மதிப்பிடுகிறார்கள்.

இங்கே நம் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பாடம் படித்தார்களோ அதே பாடத்தில்தான் சியூஇடி எழுத வேண்டும். சுலபமாக இருக்கும் என்று படிக்காத பாடத்தை எடுத்தால் நல்ல மதிப்பெண் வந்தும் தகுதி போய்விடும். மொழித்தாளில் தமிழ் உண்டு. மற்றப் பாடத்தாள்களின் கேள்விகளையும் தமிழில் கேட்டு வாங்கலாம். ஆனால் ஆங்கில ஆனர்ஸ் வேண்டுமென்றால் மொழித்தாள் ஆங்கிலமாகத்தான் இருக்க வேண்டும். இன்னொன்று: நுழைவுத் தேர்வைத் தமிழில் எழுதலாம் என்பதால் படிப்பும் அப்படியே இருக்கும் என்று தமிழ்நாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். கல்லூரிக்குள் வந்த பிறகு தேர்வுத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். பதிலும் அந்த இரண்டில் ஒன்றில்தான். தமிழ் வழியில் படித்தவர்கள் அந்தக் கோடை விடுமுறையிலேயே ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக எழுதிப் பழக ஆரம்பிக்க வேண்டும்.

சியூஇடி எழுதினால் மட்டும் சேர்க்கை இல்லை. பல்கலைக்கழகத்தின் சேர்க்கை இணையதளமான சிஎஸ்ஏஎஸ் போர்ட்டலில் தனியாகப் பதிய வேண்டும். சியூஇடி முடிந்ததும் வேலை முடிந்தது என்று ஊருக்குப் போய்விட்டு, பதிவு தேதியைத் தவறவிடுகிறவர்கள் உண்டு. பதிவு முடிந்தபின் இரண்டாம் கட்டத்தில் கல்லூரியையும் படிப்பையும் ஜோடி ஜோடியாக விருப்ப வரிசையில் அடுக்க வேண்டும்.

அடுக்குவதில்தான் சூட்சுமம். கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வரும். உங்கள் மதிப்பெண்ணுக்கு எந்த வரியில் இடம் இருக்கிறதோ அங்கே நின்றுவிடும். ஆகவே, கிடைக்கும் என்று தோன்றுவதை மேலே வைக்காதீர்கள். எது வேண்டுமோ அதை மேலே வையுங்கள். கிடைக்காத ஒன்றை முதலில் வைத்ததால் எந்த நஷ்டமும் இல்லை. சுலபமானதை முதலில் வைத்தால் அதிலேயே மாட்டிக்கொள்வீர்கள். பத்துப் பன்னிரண்டோடு நிறுத்தவும் வேண்டாம். நூறு வரி எழுதினாலும் தவறில்லை. மாலைக் கல்லூரிகள் பட்டியலில் தனிப் பெயராக வரும். அவற்றையும் கீழே சேர்த்து வையுங்கள். மதிப்பெண் சமமாக வந்தால் முதலில் பார்ப்பது பன்னிரண்டாம் வகுப்பின் சிறந்த மூன்று பாடங்களின் கூட்டு. சியூஇடிக்காகப் போர்டு தேர்வைக் கைவிடுவது சரியல்ல என்பதற்கு அது ஒன்றே போதும்.

இடம் ஒதுக்கியதும் குறித்த நேரத்துக்குள் ஏற்க வேண்டும். ஏற்காவிட்டால் ஆட்டத்திலிருந்தே வெளியே. ஏற்றதும் கல்லூரி சான்றிதழ்களைப் பார்க்கும். ஒப்புதல் வந்தபின் பணம் கட்டினால்தான் இடம் உங்களுடையது. அதன்பிறகு ஃப்ரீஸ் (கிடைத்த இடமே போதும் என்பது), அப்கிரேட் (பட்டியலில் மேலே உள்ள இடம் கேட்பது) என்று இரண்டு வழி. அப்கிரேட் கேட்டு மேலே ஓர் இடம் கிடைத்துவிட்டால் பழைய இடம் தானாகவே ரத்தாகும். திரும்பிப் போக முடியாது. வீட்டிலிருந்து இருபது நிமிடத்தில் போகும் கல்லூரியை விட்டு, ஒன்றரை மணி நேர மெட்ரோ தூரத்துக்கு அப்கிரேட் ஆகிவிட்டு வருந்துவதில் பயனில்லை. அடுக்கும்போதே மெட்ரோ வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நம்மவர்களுக்கே உரிய தலைவலி: இனிஷியல்.

சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘கே. கார்த்திகேயன்’. ஆதாரில் ‘கார்த்திகேயன் குமார்’, ஏனென்றால் வங்கியில் கடைசிப் பெயர் கேட்டார்கள் என்று அப்பா பெயரைப் பின்னால் சேர்த்தாயிற்று. தமிழ்நாட்டில் வாங்கிய சாதிச் சான்றிதழில் ‘கார்த்திகேயன் கே’. அப்பா பெயர் ஒன்றில் ‘ஆர். குமார்’, மற்றொன்றில் ‘குமார் ராமசாமி’. தில்லியில் சரிபார்க்கிறவருக்கு இவை மூன்று ஆட்கள். இனிஷியல் என்பது அப்பா பெயரின் முதலெழுத்து என்ற வழக்கம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. சியூஇடி படிவத்தில் என்ன பெயர் போட்டீர்களோ அது அப்படியே சிஎஸ்ஏஎஸ்ஸுக்கு வந்துவிடும். அங்கே மாற்ற முடியாது. மாணவரின் படிப்புக் கணக்கைச் சேர்த்துவைக்க டிஜிலாக்கர் வழியாக எடுக்கும் ஏபிசி எண் ஆதார் பெயரில் வரும். ஆக, முரண்பாடு திரையிலேயே தெரியும்.

இதற்கு மருந்து பன்னிரண்டில் இல்லை, ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறது. சிபிஎஸ்இ பெயர்ப்பதிவு அப்போதுதான் நடக்கிறது. பள்ளி கொடுக்கும் திருத்தப் பட்டியலில் பிள்ளையின் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர் மூன்றையும் எழுத்தெழுத்தாகப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். இனிஷியலை விரித்து எழுதுவதா வேண்டாமா என்பதை அந்த வருடமே முடிவு செய்து, ஆதாரை அதற்கேற்ப மாற்றிவிடுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழை மாற்றுவதைவிட ஆதாரை மாற்றுவது எவ்வளவோ சுலபம். ஏற்கெனவே பத்து முடிந்துவிட்டதா? பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பதை மூலமாக வைத்து மற்ற எல்லாவற்றையும் அதற்குப் பொருந்தும்படி திருத்துங்கள்.

அடுத்தது சாதிச் சான்றிதழ். தமிழ்நாட்டில் பிசி, எம்பிசி என்று இருக்கும் சமூகச் சான்றிதழ் டியூவில் செல்லாது. இது மத்தியப் பல்கலைக்கழகம். மத்திய அரசின் ஓபிசி பட்டியலில் தமிழ்நாட்டின் கீழ் உங்கள் சாதி இருக்க வேண்டும், மத்திய அரசு படிவத்தில் ஓபிசி நான்-கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவில் இல்லை என்னும்) சான்றிதழ் வேண்டும், அதுவும் சேரும் ஆண்டின் மார்ச் 31-க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். சான்றிதழ் பிள்ளையின் பெயரில் இருக்க வேண்டும், அப்பாவுடையது உதவாது. சொந்த ஊர்த் தாசில்தாரிடம் வாங்குவதானால் இ-சேவை மையம் வழியாக ஏப்ரல் முதல் வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். ஜூன் மாதம் ரயிலேறிப் போய் நின்றால் வேலை ஆகாது.

சம்பளம் எட்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது, அதனால் கிரீமி லேயர் என்று பல அரசு ஊழியர்கள் தாங்களே முடிவு செய்துகொண்டு விண்ணப்பிப்பதே இல்லை. இது தவறு. ஓபிசிக்கு அந்த எட்டு லட்சக் கணக்கில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. அரசு ஊழியர்களுக்கு அளவுகோல் பதவி நிலை: பெற்றோரில் ஒருவர் நேரடியாக குரூப் ஏ-யில் சேர்ந்தவராகவோ, இருவருமே நேரடி குரூப் பி ஆகவோ இருந்தால் கிரீமி லேயர். குரூப் சி-யில் சேர்ந்து செக்‌ஷன் ஆபீசராக உயர்ந்தவரின் சம்பளத்தை மட்டும் காட்டி மறுக்க முடியாது. பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான இடபிள்யூஎஸ் அப்படியல்ல, அதில் சம்பளம் உட்பட எல்லா வருமானமும் சேரும். இரண்டையும் குழப்பிக்கொண்டு உரிமையை இழக்கும் குடும்பங்கள் நிறைய.

தில்லியிலேயே பள்ளி படித்ததற்கு டியூவின் முறையான கல்லூரிகளில் பொதுவாகத் தனிச் சலுகை கிடையாது. மதுரைப் பிள்ளையும் மயூர் விஹார் பிள்ளையும் ஒரே வரிசையில்தான். அந்தச் சலுகை வேண்டுமென்றால் தில்லி அரசின் இந்திரபிரஸ்தா பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். அங்கே 85 சதவீத இடம் தில்லிப் பள்ளிகளில் பன்னிரண்டு முடித்தவர்களுக்கு. டிடிஇஏ பிள்ளைகளும் அதில் வருவார்கள். ஆனால் சாதிச் சான்றிதழ் எந்த மாநிலத்தது என்ற வரியை அவர்களுடைய கையேட்டில் தனியாகப் படித்துவிடுங்கள். டியூ விதியும் அதுவும் ஒன்றல்ல.

என்சிவெப் பற்றி நம் வீடுகளில் பேச்சே இல்லை. பெண்களுக்கு மட்டும், தில்லி யூனியன் பிரதேசத்தில் குடியிருக்க வேண்டும், சியூஇடி வேண்டாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டு கட்-ஆஃப் பட்டியல். இளநிலையில் பி.ஏ. புரோகிராம், பி.காம் இரண்டும் உண்டு. ஊரெங்கும் இருக்கும் டியூ கல்லூரிகளிலேயே சனி, ஞாயிறுகளில் வகுப்பு. பாடத்திட்டமும் பட்டமும் மற்றவர்களுக்கு உள்ளதேதான். வார நாட்கள் முழுக்கக் கையில் இருக்கும்: வேலை பார்க்கலாம், சிஏ படிக்கலாம், போட்டித் தேர்வுக்குத் தயாராகலாம். நொய்டா, காஜியாபாத், குருகிராம் முகவரி ஆதாரில் இருந்தால் சேர முடியாது. தில்லிக்குள் குடி வந்த பிறகும் முகவரி மாற்றாமல் விட்டவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள்.

எஸ்ஓஎல் எல்லோருக்கும் திறந்தது. சியூஇடி இல்லை, இடங்களுக்கு நெருக்கடி இல்லை. பி.ஏ., பி.காம், ஆங்கிலம், அரசியல் அறிவியல் ஆனர்ஸ் எல்லாம் உண்டு; 2022-லிருந்து பொருளாதார ஆனர்ஸ், பிபிஏ, எம்பிஏ போன்றவையும் சேர்ந்தன. ஆய்வகம் தேவைப்படும் அறிவியல் படிப்புகள் கிடையாது. குறிப்பிட்ட நாட்களில் நேர்முக வகுப்பு நடக்கும். இங்கே கோட்டை விடுவது பாடத்தில் அல்ல, தேதியில். கல்லூரியில் படிக்கிறவனுக்கு அறிவிப்புப் பலகையும் நண்பர்களும் நினைவுபடுத்துவார்கள். எஸ்ஓஎல் மாணவனுக்குப் போர்ட்டல் மட்டும்தான். செமஸ்டர் முறை வந்தபின் ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வுப் படிவத்தை உறுதிசெய்ய வேண்டும். ஒரு தேதி தவறினால் ஒரு செமஸ்டர் தேங்கிவிடும். வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலை என்று வைத்துக்கொண்டு, போர்ட்டலைத் திறந்து பார்க்கும் பழக்கம் இருந்தால் போதும்.

கணக்கும் தெரிந்திருக்கட்டும். இப்போதைய பாடத்திட்டத்தில் ஒரு செமஸ்டருக்கு 22 கிரெடிட், அதாவது படித்து முடித்த பாடங்களுக்கான புள்ளி. 44 சேர்ந்தால் சான்றிதழ், 88-க்கு டிப்ளமோ, 132-க்கு மூன்றாண்டுப் பட்டம், 176-க்கு நான்காண்டு ஆனர்ஸ். குடும்பச் சூழ்நிலையால் நடுவில் நிறுத்த நேர்ந்தாலும் படித்தது கணக்கில் நிற்கும். அதனால் நிறுத்துவதானால் ஆண்டின் முடிவில் நிறுத்துங்கள். ஒற்றைப்படை செமஸ்டரில் நிறுத்தினால் அந்த அரை ஆண்டுக்குக் கையில் காகிதம் எதுவும் வராது. முறையான கல்லூரியில் வருகை மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்பதையும் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கலாம் என்று நினைப்பவர்கள் முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

2025 ஜூனில் ஜங்புரா மதராசி கேம்ப் இடிக்கப்பட்டதும் வீடு ஒதுக்கப்பட்டவர்களை நரேலாவுக்கு அனுப்பினார்கள். வடக்கு எல்லையில் இருக்கும் நரேலாவிலிருந்து தினமும் தெற்குத் தில்லிக் கல்லூரிக்குப் போய்வருவது நடக்கிற காரியமல்ல. பள்ளி முடித்த கையோடு பெண்கள் வீட்டு வேலைக்கும் பையன்கள் டெலிவரி வேலைக்கும் போகும் குடும்பங்கள் அவை. இந்தப் பிள்ளைகளுக்காகத்தான் என்சிவெப், எஸ்ஓஎல் என்ற அந்த இரண்டு வாசல்களும் திறந்திருக்கின்றன. அங்கே யாரையாவது உங்களுக்குத் தெரியுமானால், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் வந்த வாரத்திலேயே சொல்லுங்கள்: பெண்ணாக இருந்தால் நரேலா முகவரிக்கு ஆதாரை மாற்றிவிட்டு என்சிவெப் படிவம், பையனாக இருந்தால் எஸ்ஓஎல் படிவம். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ்கள், ஆதார், சாதிச் சான்றிதழ், புகைப்படம், கையெழுத்து ஆகியவற்றை ஸ்கேன் செய்து அவர்கள் போனிலேயே ஏற்றிக் கொடுத்துவிடுங்கள். படிவத்தை நிரப்பும்போது பக்கத்தில் உட்கார்ந்து, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கும் பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்த பிறகு சமர்ப்பியுங்கள்.